முகக்கவசத்தின் முன்னோடி: ஈப்போவில் வாழ்ந்த டாக்டர் வூ லியன் தே

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பலர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். முகக்கவசம், கடை வாசலில் கைப்பேசியால் ஸ்கேன் செய்வது, மாலைதோறும் சுகாதார அமைச்சு அறிவித்த எண்ணிக்கை, மாநில எல்லையில் காவல்துறைத் தடுப்பு என எல்லாம் நினைவிருக்கும். இவற்றில் கைப்பேசியைத் தவிர மற்ற அனைத்தையும் 109 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே இடத்தில் நடத்திக் காட்டியவர் ஒரு மலாயாக்காரர். தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் நம் ஈப்போவில்தான் மருத்துவம் பார்த்தார். புருஸ்டர் சாலையில், அதாவது இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், அவருடைய கிளினிக் இருந்தது. அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே.

1879 மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் அவர் பிறந்தார். தந்தை சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் பினாங்கிலேயே பிறந்தவர். வீட்டில் பிள்ளைகள் பலர், வசதி அதிகமில்லை. பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்த அந்தச் சிறுவன் 1896-இல் இராணி உபகாரச் சம்பளத்தை வென்றார். அன்றைய நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு மாணவன் பெறக்கூடிய மிகப் பெரிய வாய்ப்பு அது. கேம்பிரிட்ஜில் இம்மானுவல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர்தான். லண்டனில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை, லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, ஜெர்மனியில் ஹாலே, பாரிசில் பாஸ்டர் நிலையம் என்று அடுத்தடுத்துப் பயின்றுவிட்டு 1903-இல் நாடு திரும்பினார். நுண்ணுயிரியலில் அவ்வளவு பயிற்சி பெற்றவர்கள் அன்று மலாயாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள்.

ஆனால் அரசாங்க மருத்துவச் சேவையில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. உயர் மருத்துவ அதிகாரிப் பதவிகள் ஐரோப்பியருக்கே என்பது காலனித்துவ விதி. உள்ளூரில் பிறந்தவர் எவ்வளவு படித்திருந்தாலும் உதவியாளராகத்தான் இருக்க முடியும். கோலாலம்பூரில் அப்போதுதான் தொடங்கியிருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஓராண்டு ஆய்வாளராக இருந்தார். பெரிபெரி நோயைப் பற்றியும் குடல்புழுக்களைப் பற்றியும் அங்கு ஆராய்ந்தார்.

பெரிபெரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம்மவர் கதையும்கூட. அந்தக் காலத்தில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களோ மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்களே ஒழிய, பெரிபெரி அவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் அதைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். சீனர் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அது வைட்டமின் பி1 என்று பின்னால்தான் தெரிந்தது. வைட்டமின் என்ற சொல்லே அன்று பிறக்கவில்லை. யார் எந்த நோயால் வந்தார், எந்த இனத்தவர், என்ன தொழில், பிழைத்தாரா என்று எழுதி வைத்ததும், எழுதியதை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததும்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தன. இன்று கணினியில் தரவு என்கிறோம். அன்று அது கிராணி மை தொட்டு எழுதிய பேரேடு.

ஓராண்டு ஆய்வு முடிந்ததும் டாக்டர் வூ பினாங்குக்குத் திரும்பி சூலியா சாலையில் கிளினிக் திறந்தார். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய அதே சாலைதான். நோயாளிகளைப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. அபினிப் பழக்கத்துக்கு எதிராக ஒரு சங்கத்தை அமைத்தார். 1906-இல் அவர் கூட்டிய அபினி எதிர்ப்பு மாநாட்டுக்குச் சுமார் 2000 பேர் வந்தார்கள். அபினி விற்பனை அன்றைய அரசாங்கத்துக்கே பெரிய வருமானம். அதைத் தொட்டவரைச் சும்மா விடுவார்களா? 1907-இல் அவர் கிளினிக்கைச் சோதனையிட்டார்கள். மருந்தாக வைத்திருந்த அபினிக் கரைசல் ஓர் அவுன்ஸ் கிடைத்தது. வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். அபினியை எதிர்த்தவர் அபினி வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டார்! அந்த நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908-இல் தியன்சின் இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் புறப்பட்டுப் போனார். சீன மாண்டரின் அவருக்குச் சரளமாகப் பேச வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் தலைதூக்கியது. காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி, ஓரிரு நாளில் மரணம். நோய் கண்டவர்களில் ஏறக்குறைய யாருமே பிழைக்கவில்லை. டிசம்பர் 24-ஆம் தேதி, 31 வயது டாக்டர் வூ ஹார்பின் நகரில் இரயிலை விட்டு இறங்கினார். கூடவே மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு நுண்நோக்கி, சில இரசாயனங்கள். வெளியே உறைபனிக்குக் கீழே 20 பாகைக்கும் மேற்பட்ட குளிர்.

நோய் என்னவென்று தெரியாமல் எதைச் செய்வது? பிணத்தை அறுத்துப் பார்ப்பது அன்றைய சீனாவில் பெரும் பாவம். டிசம்பர் 27-ஆம் தேதி, விடுதி நடத்தி வந்த ஒரு ஜப்பானியப் பெண் இறந்தபோது, அந்த வீட்டிலேயே இரகசியமாகப் பிரேதப் பரிசோதனை செய்தார். நுரையீரலிலும் இரத்தத்திலும் பிளேக் கிருமி குவிந்து கிடந்தது. உள்ளூர் அதிகாரிகளை அழைத்து நுண்நோக்கியில் கண் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், பார்த்ததை நம்புவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் என்பதுதான் அன்றைய மருத்துவ உலகின் பாடம். 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக் அப்படித்தான் பரவியது. ஹார்பினில் டாக்டர் வூ கண்டது வேறு. இது நுரையீரல் பிளேக். ஒருவர் இருமினால் அருகில் இருப்பவர் மூச்சு வழியாக வாங்கிக் கொள்கிறார். அப்படியானால் எலியைப் பிடித்துப் பயனில்லை, வாயையும் மூக்கையும் மூட வேண்டும். அறுவைக் கூடங்களில் பயன்படுத்தும் காஸ் துணியை நீளமாக வெட்டி, மடித்து, நடுவில் தட்டையான பஞ்சை வைத்து, இரு முனைகளையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும்படி ஒரு கவசத்தை வடிவமைத்தார். எந்த ஊரிலும் கிடைக்கும் பொருள். சில காசுதான் செலவு. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்றைய என்95 முகக்கவசத்தின் வம்சாவளியைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் காஸ் துணியில் வந்து நிற்கிறார்கள்.

எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தியன்சினிலிருந்து வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். எலியால்தான் பரவுகிறது என்று உறுதியாக நம்பினார். ஒரு சீன இளைஞர் தமக்குப் பாடம் சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. முகக்கவசம் அணியாமலே ரஷ்ய மருத்துவமனையில் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் நோய் கண்டு, 1911 ஜனவரி 11-ஆம் தேதி இறந்துபோனார். அதற்குப் பிறகு ஹார்பினில் முகக்கவசத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு மருத்துவரின் உயிர் போய்த்தான் அந்தத் துணிக்கு மரியாதை கிடைத்தது.

கவசம் மட்டும் போதாது. நோய் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஹார்பினில் சீனர் வாழ்ந்த புஜியாடியன் பகுதியை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிற அடையாளச் சின்னம். சிவப்புச் சின்னம் அணிந்தவர் அனுமதி இல்லாமல் மஞ்சள் வட்டாரத்துக்குள் போக முடியாது. குழுக்கள் நாள்தோறும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தன. நோயாளி மருத்துவமனைக்கு, உடன் இருந்தவர்கள் இரயில் பாதையில் நிறுத்தி வைத்த சரக்குப் பெட்டிகளுக்கு. நிலவரம் தந்தி மூலம் பீக்கிங்குக்குப் போனது. 2020-இல் நம் கைப்பேசியில் மைசெஜாத்ரா செயலி நோய் கண்டவருக்குச் சிவப்பு நிறம் காட்டியதே, அதன் தாத்தா அந்தச் சட்டைச் சின்னம் என்று சொன்னால் தவறில்லை.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் ஹார்பினின் கணக்கு பொய்க் கணக்காக இருந்தது. நோயாளி இருப்பதாகத் தெரிந்தால் வீட்டைப் பூட்டுவார்கள், குடும்பத்தையே பிரித்துக் கொண்டு போவார்கள் என்று பயந்து மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். இரவோடு இரவாகப் பிணங்களைத் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். பயப்படுகிற மக்களிடமிருந்து உண்மையான எண் வராது; அந்த எண்ணைத் தந்தியில் அனுப்பினாலும் இணையத்தில் அனுப்பினாலும் அது பொய் எண்தான். சுகாதாரத் துறையில் தொழில்நுட்பம் படிக்க விரும்பும் மாணவர்கள் இந்த ஹார்பின் கதையை ஒருமுறையாவது படித்துவிடுவது நல்லது என்பேன்.

இன்னொரு சிக்கல் ஆட்சி அதிகாரம். மஞ்சூரியாவில் ஓர் இரயில் பாதை ரஷ்யர் கையில், இன்னொன்று ஜப்பானியர் கையில், மற்றொன்று சீன அரசாங்கத்தின் கையில். மூவருக்கும் தனித்தனி மருத்துவமனை, தனித்தனிப் பதிவேடு, ஒருவர் மீது ஒருவருக்குச் சந்தேகம். நோய்க்கோ ஒரே பயணச்சீட்டுப் போதும். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்களோடு அது தெற்கே போய்க்கொண்டிருந்தது. டாக்டர் வூ மூன்று தரப்பிடமும் பேசி இரயில் பயணத்தைக் கட்டுப்படுத்த வைத்தார்.

பிறகு வந்தது அவருடைய வாழ்க்கையிலேயே கடினமான முடிவு. ஊருக்கு வெளியே 2000-க்கும் மேற்பட்ட சவங்கள் கிடந்தன. தரை உறைந்து பாறையாகிவிட்டதால் புதைக்க முடியவில்லை. எரிக்கலாம், ஆனால் முன்னோரை வணங்கும் சீனர்களுக்குச் சவத்தை எரிப்பது நினைத்துப் பார்க்க முடியாத அவமதிப்பு. அவர் சக்கரவர்த்தியின் அனுமதியைக் கேட்டுத் தந்தி அடித்தார். அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், சிதைகள் எரிந்தன. அந்தப் புத்தாண்டில் பட்டாசை வீட்டுக்கு உள்ளேயே வெடிக்கும்படியும் மக்களிடம் கேட்டுக்கொண்டார்; கந்தகப் புகை கிருமியைக் குறைக்கும் என்பது அவர் எண்ணம். அன்று முதல் மரணங்கள் குறையத் தொடங்கின. மார்ச் முதல் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி. மஞ்சூரியா முழுவதும் சேர்த்துச் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். நோயை எதிர்த்து வேலை செய்த மருத்துவர், மாணவர், துப்புரவாளர், படைவீரர்களில் மட்டும் ஏறக்குறைய 300 பேர்.

ஏப்ரல் மாதம் முக்டென் நகரில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. 11 நாடுகளின் அறிஞர்கள் வந்தார்கள். தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர், மலாயாவில் உயர் பதவிக்குத் தகுதியில்லாதவராகக் கருதப்பட்ட டாக்டர் வூ.

ஒரு நோயை ஒருமுறை விரட்டுவது வேறு, அடுத்த முறைக்குத் தயாராக இருப்பது வேறு. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1911-உடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்திய பத்தாண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. 1912-இல் வடமஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவையை அமைத்து அதற்குத் தலைமை ஏற்றார். ஹார்பினிலும் எல்லையோர ஊர்களிலும் மருத்துவமனைகள், ஆய்வுக்கூடம், நிரந்தர ஊழியர்கள். நோய் இல்லாத ஆண்டுகளிலும் அவை பதிவுகளை எடுத்தன, ஆராய்ந்தன. தர்பகான் என்னும் காட்டுக் கொறிவிலங்குதான் கிருமியைச் சுமக்கிறது, அதன் தோலுக்காக வேட்டையாடுகிறவர்களிடமிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1920-21-இல் அதே நோய் அதே நிலத்தில் மீண்டும் வந்தது. இம்முறை இறந்தவர்கள் 10,000-க்கும் குறைவு. மருந்து எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்து வர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. இடையில் வந்தது ஓர் அமைப்பு மட்டுமே.

நம் நாட்டையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனையாக வடிவமைக்கப்பட்டது. மருத்துவர் குறிப்பு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் கணினியில். தொலைமருத்துவத்துக்கு 1997-லேயே சட்டம் இயற்றிய நாடு இது. இருந்தும் இன்றுவரை ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொரு மருத்துவமனை உடனே பார்க்க முடியாத நிலை பல இடங்களில் உண்டு. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, மின்னியல் பதிவுகளைச் சுகாதாரச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாகச் சொல்கிறது. இதன் அருமை தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது, டிரஸர் இருந்த தோட்ட மருத்துவமனைகள் மூடப்பட்டன. அங்கே யாருக்கு என்ன நோய் இருந்தது என்ற பழைய ஏடுகளும் போன இடம் தெரியவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வரும் ஒரு பாட்டி, முன்பு சாப்பிட்ட மாத்திரை வெள்ளையா மஞ்சளா என்று யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தால், அங்கே இல்லாதது மருத்துவரின் திறமை அல்ல, பதிவு. மூன்று இரயில் நிர்வாகங்களும் மூன்று பேரேடுகளும் வைத்திருந்த மஞ்சூரியாவின் சங்கடமும் ஏறக்குறைய இதுவே.

டாக்டர் வூவின் கதைக்குத் திரும்புவோம். 1915-இல் சீன மருத்துவச் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1918-இல் பீக்கிங் மத்திய மருத்துவமனை அவர் முயற்சியில் எழுந்தது. 1926-இல் நுரையீரல் பிளேக் பற்றிய அவருடைய பெரிய ஆய்வு நூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930 முதல் சீனாவின் துறைமுகத் தடுப்புச் சேவைக்குத் தலைமை வகித்தார். 1935-இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. முன்மொழிவுப் பட்டியலை 50 ஆண்டுகளுக்கு வெளியிடக்கூடாது என்பது நோபல் விதி என்பதால், உலகம் அதை அறிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1937-இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. ஷங்காயில் அவருடைய வீடு குண்டுவீச்சில் அழிந்தது. அதே ஆண்டு மனைவியும் இறந்தார். 58 வயதில், முப்பது ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் குடியேறினார். பெரிய பதவி எதையும் தேடவில்லை. சாதாரணக் குடும்ப மருத்துவராகக் கிளினிக் நடத்தினார்.

போர் இங்கேயும் பின்தொடர்ந்தது. 1943-இல், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் இயங்கிய இடதுசாரிப் போராளிகள் அவரைக் கடத்திப் பணயத் தொகை கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டு வந்தால், எதிரிகளுக்குப் பணம் கொடுத்ததாக ஜப்பானியர் வழக்குத் தொடரப் பார்த்தார்கள். முன்பு அவரிடம் சிகிச்சை பெற்றிருந்த ஒரு ஜப்பானிய அதிகாரியின் தயவில் தப்பினார்.

போருக்குப் பின் ஈப்போவில் அவர் செய்த இன்னொரு வேலை உண்டு. பொதுமக்கள் இலவசமாகப் புத்தகம் இரவல் பெறக்கூடிய ஒரு நூலகத்துக்காக நன்கொடை திரட்டினார். பேராக் நூலகம் என்று தொடங்கிய அதுதான் இன்றைய துன் ரசாக் நூலகம். எஸ்.பி.எம். தேர்வுக்கு அங்கே உட்கார்ந்து படித்த ஈப்போ மாணவர்கள் எத்தனையோ பேர்.

80 வயதுவரை நோயாளிகளைப் பார்த்தார். 1959-இல் கேம்பிரிட்ஜில் அவருடைய தன்வரலாறு அச்சாகி வந்தது. ஓய்வுக் காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க எண்ணிப் பினாங்கில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனார். 1960 ஜனவரி 21-ஆம் தேதி பக்கவாதத்தால் அங்கே காலமானார். ஹார்பினில் அவர் பெயரில் ஆய்வு நிலையம் இருக்கிறது, பினாங்கில் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ஈப்போ கார்டன் பக்கம் போனால் அவர் பெயர் தாங்கிய சாலைப் பலகையைப் பார்க்கலாம்.